காய்ச்சல் கடிதம்

என் அண்ணியின் கையில் ஒரு சட்டையைக் கொடுத்து நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று ஒருநாளும் சொல்லமாட்டாள். காலரைத் திருப்புவாள், அக்குள் தையலைப் பிரித்துப் பார்ப்பாள், கைமடிப்பை நகத்தால் கீறுவாள், கடைசியில் "பரவால்ல" என்பாள். பதினாறு வருடமாகத் தையல் ஆலையில் செக்கர் வேலை. மூன்றாம் லைனில் தைக்கிற சட்டை எல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் என்னிடம் வரும். நான் பேக்கிங். மடித்து, உறையில் போட்டு, பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டுவேன். அதனால் ஆலையில் என் பெயரே டேப் என்றாகிவிட்டது. ஊருக்கெல்லாம் ஒட்டுகிறவள் தன் வாய்க்கும் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளக் கூடாதா என்று சூப்பர்வைசர் கேட்பார். ஒட்டினால் அன்றைக்கே மூச்சு முட்டிச் செத்துப்போவேன், பெட்டியை நீங்கள்தான் அடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் அதே ஆலையில் மெஷின் மெக்கானிக். ஆலைக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடத்தில் எங்கள் வீடு. இரண்டு அறை, நின்றால் திரும்ப முடியாத ஒரு சமையலறை, மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை. அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான் என்று நாலு பேர். மகளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. நாங்கள் பாப்பா என்போம். வகுப்பில் அவள் பெயர் ஆமை. கூப்பிட்டால் திரும்பவே அரை நிமிடம் ஆகும், ஆனால் திரும்பிவிட்டாள் என்றால் கேட்டதற்குப் பதில் இருக்கும். என்னைப் போல முதலில் வாயைத் திறந்துவிட்டுப் பிறகு யோசிக்கிற ஜாதி இல்லை.

எட்டாம் வகுப்பில் மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் ஒரே கேள்வித்தாளில் தேர்வு நடக்கும். கணக்குதான் எல்லாருக்கும் எமன். அறுபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு பதில். சரியான பதிலுக்குரிய வட்டத்தைத் தனித் தாளில் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். தாளைத் திருத்துவது மனிதர்கள் இல்லை, மெஷின். முப்பது எடுத்தால் ஒன்பதாம் வகுப்பு. எடுக்காவிட்டால் இன்னொரு வருடம் எட்டு. தேர்வுக்கே வராதவர்களை மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கைத்தொழில் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் யாரும் மைதானத்தைத் தாண்டி இந்தப் பக்கம் திரும்பி வந்ததில்லை. நேராக எங்கள் ஆலை வாசலுக்குத்தான் வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

பாப்பாவை அந்தப் பக்கம் விடுவதில்லை என்று அண்ணி முடிவு கட்டியிருந்தாள். ஆறு மாதமாக வீடே பள்ளிக்கூடம். நான் பேக்கிங்கிலிருந்து கிழிந்த அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவருவேன். அண்ணன் அதில் பின்னமும் விகிதமும் வரைவான். பல்சக்கரம் வரைந்து, சின்னச் சக்கரம் மூன்று சுற்று சுற்றினால் பெரிய சக்கரம் எத்தனை சுற்று என்று கேட்பான். உருளைக்கிழங்கு வேகிற நேரத்தில் பாப்பா அடுப்புப் பக்கமே நின்று சதவீதம் போடுவாள். அண்ணிக்கு அந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விடைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செக்கிங் பண்ணத் தெரியும். தப்பு வந்தால் திட்டமாட்டாள், "ஆல்டர்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுப்பாள். ஆலையில் சரிசெய்யத் திருப்பி அனுப்புகிற சட்டைக்கு அதுதான் பெயர்.

வீட்டில் இன்னொரு வேலையும் நடக்கும். ஆலையிலிருந்து வெட்டின காலர்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து நம்பர் ஒட்டித் தருவோம். ஒரு கட்டில் அறுபது காலர். ஸ்டிக்கர் சுருளில் ஒன்று முதல் அறுபது வரை வரிசையாக நம்பர் வரும். கறையோ ஓட்டையோ இருக்கிற காலரை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த நம்பரை அடுத்த காலருக்கு ஒட்டிவிட வேண்டும். நம்பரில் இடைவெளி விழவே கூடாது. ஒதுக்கியதை எல்லாம் துடைத்துச் சரிசெய்து, கட்டின் கடைசி நம்பர்களாக ஒட்ட வேண்டும். பாப்பா மூன்றாம் வகுப்பிலிருந்து அம்மாவோடு உட்கார்ந்து ஒட்டுகிறாள். மற்றதில் எல்லாம் ஆமையாக இருக்கிற பெண், இதில் மட்டும் எங்களை எல்லாம் தோற்கடித்துவிடுவாள்.

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பள்ளியில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். அதற்கு மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒழுகுகிற மூலையில் வாளி வைத்துவிட்டு அண்ணி புத்தகத்தை எடுத்தாள்.

"வா பாப்பா, இன்னைக்குப் பரப்பளவு."

பாப்பா வரவில்லை. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"கூப்பிடுறேன்ல?"

"வேணாம்மா."

"என்னடி வேணாம்?"

"நான்தான் பரீட்சை எழுதப் போறதில்லையே. எனக்கு அன்னைக்குக் காய்ச்சலாம். அப்பா கையெழுத்துப் போட்டாச்சு."

அண்ணன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், கத்தி அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க சொல்றா இவ?"

"நேத்து ஸ்கூல்ல கூப்பிட்டிருந்தாங்க. உனக்கு லீவு தரமாட்டாங்கன்னு நானே போனேன்."

"போனீங்க. சரி. அப்புறம்?"

"கணக்கு டீச்சர் தனியாக் கூப்பிட்டு உட்கார வெச்சாங்க. டீயெல்லாம் குடுத்தாங்க."

"டீ குடுத்தாங்களா! அப்பவே தெரிய வேணாமா உங்களுக்கு? வாத்தியார் டீ குடுத்தா ஏதோ வில்லங்கம்னு."

"நீ முதல்ல கேளு. மாதிரித் தேர்வுல பாப்பா பதினாலு. அறுபதுக்குப் பதினாலு. பேப்பரைக் கையில குடுத்துக் காட்டினாங்க. ஸ்கூல் சராசரி போன வருஷமே தொங்கிட்டு இருந்துச்சாம். இந்த வருஷமும் விழுந்தா ஒரு பிரிவையே மூடிருவாங்களாம். பன்னெண்டு புள்ளைங்க இந்த மாதிரி இருக்காங்களாம். அன்னைக்கு உடம்பு சரியில்லன்னு பெத்தவங்க எழுதிக் குடுத்தா ஸ்கூலுக்கும் கெட்ட பேர் இல்ல, புள்ளைக்கும் ஃபெயில்னு பேர் இல்லன்னாங்க."

"உடனே போட்டுட்டீங்க."

"உடனே இல்ல."

"எவ்வளவு நேரம் கழிச்சு? டீ ஆறுற வரைக்குமா?"

அண்ணிக்குக் குரல் உயராது. கோபம் வந்தால் இன்னும் தணிந்துவிடும், அதுதான் பயமாக இருக்கும்.

"ஆறு மாசம். ஆறு மாசமா இந்தப் புள்ள அடுப்படியில நின்னு படிச்சுது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலயா?"

"அவமானமா இருந்துச்சு," என்றான் அண்ணன். "பதினாலுன்னு அவங்க சொல்லும்போது, பக்கத்துல இன்னும் ரெண்டு மூணு பேரு உட்கார்ந்திருந்தாங்க. என்னால நிமிர்ந்து பாக்க முடியல. அந்தப் பக்கம் போனா என்ன இப்ப? ஒரு தொழில் கத்துக்குவா. டேப்பும் அங்கதானே போனா? அவ என்ன கெட்டா போயிட்டா?"

அவன் என்னை இழுக்காமல் இருந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு வெங்காயத்தை முடித்திருப்பேன். இழுத்துவிட்டான்.

"அண்ணே, என்னை ஏன் அனுப்பினாங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

"பழங்கதை எதுக்கு இப்ப?"

"நீதானே ஆரம்பிச்சே. எனக்கும் ஒரு காய்ச்சல் கடிதம் போச்சு. நம்ம அப்பா கையெழுத்து. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லண்ணே. காலையில எந்திரிச்சு, தலை வாரி, பென்சில் சீவி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்கூல் வாசல் வரைக்கும் உன் சைக்கிள்ல கொண்டு விடச் சொன்னேன். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போயிட்டே. அன்னைக்கு முழுக்க வீட்டுல குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். எழுதியிருந்தா நான் ஃபெயிலாகியிருப்பேன், எனக்கே தெரியும். ஆனா நான் எழுதிட்டு ஃபெயிலாகியிருப்பேன்."

இவ்வளவையும் நான் அவனிடம் சொன்னதே இல்லை. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழிபோடலாம் என்று பார்த்தேன், ஆனால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது நான் அழுகிறேன் என்று. அண்ணன் எழுந்து வாளித் தண்ணீரைக் கொட்டப் போனான். வாளி பாதிகூட நிறையவில்லை.

அண்ணி பாப்பாவிடம் கேட்டாள்: "அந்தப் பேப்பர் எங்க?"

"எந்தப் பேப்பர்?"

"பதினாலு வாங்கின பேப்பர். கேள்வி, விடைப்பட்டியல், எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

பாப்பா பையின் அடியிலிருந்து எட்டாய் மடித்த தாளை எடுத்தாள். அண்ணி மேஜையைத் துடைத்தாள். விளக்கைக் கீழே இறக்கினாள். தாளை நீவி விரித்து, சட்டையைப் பார்க்கிற மாதிரியே பார்க்க ஆரம்பித்தாள், இடது கை விரல் விடைப்பட்டியலில், வலது கை விரல் பாப்பாவின் தாளில். உதடு மட்டும் அசைந்தது.

"ஒண்ணு சரி. ரெண்டு சரி. மூணு சரி." எட்டு வரைக்கும் நிற்கவில்லை. "எட்டும் சரி. ஒம்பதுலேர்ந்து தப்பு. பத்து தப்பு. பதினொண்ணு தப்பு." நிமிர்ந்தாள். "ஒரு டெய்லரு எட்டுச் சட்டை ஒழுங்காத் தைச்சிட்டு ஒம்பதாவதுலேர்ந்து எல்லாத்தையும் கோணலாத் தைக்கமாட்டா. மெஷின்ல ஏதோ ஆகியிருக்கும். ஏங்க, இங்க வாங்க. உங்க மெஷினா இருந்தா என்ன பாப்பீங்க?"

வெளியே போனவன் வந்து நின்றான். "ஊசி மாறியிருக்கான்னு பாப்பேன். அளவு நகர்ந்திருக்கான்னு பாப்பேன்."

அண்ணி இடது கை விரலை ஒரு வரி கீழே நகர்த்தினாள். பாப்பாவின் ஒன்பதாம் வரியையும் விடைப்பட்டியலின் பத்தாம் வரியையும் சேர்த்துப் பார்த்தாள். சரி. பத்தையும் பதினொன்றையும் பார்த்தாள். சரி. அப்படியே இறங்கினாள். இருபத்தொன்றாம் வரியில் மறுபடி தப்பு வந்தது. விரலை இன்னொரு வரி இறக்கினாள். மறுபடி சரி.

"பாப்பா, ஒம்பதாவது கேள்வியை என்ன பண்ணினே?"

"தெரியல. ஒதுக்கி வெச்சிட்டேன். தெரியலன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்கன்னு டீச்சர்தான் சொன்னாங்க."

"அதுக்கு உண்டான வட்டம்?"

"அதுல பத்தாவதோட பதிலைப் போட்டேன்."

"ஏன்?"

பாப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அம்மாவை விசித்திரமாகப் பார்த்தாள். "நம்பர்ல ஓட்டை விழக் கூடாதுல்ல? ஒதுக்கினது மூணு. அதையெல்லாம் அப்புறம் யோசிச்சுக் கடைசி மூணு நம்பர்ல போட்டுட்டேன்."

மூலையில் கட்டிக் கட்டி வைத்திருந்த காலர்களை அண்ணி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பதினாறு வருடத்தில் நான் அவளை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நான் சொல்லிக் குடுத்ததுடி. என் வாயால நான் சொல்லிக் குடுத்தது."

அண்ணன் அவள் தோளைத் தொட்டான். அவள் உதறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, முழுத் தாளையும் புதிதாக எண்ணினாள். நாற்பத்து மூன்று. இரண்டாம் தடவை நான் எண்ணினேன், மூன்றாம் தடவை அண்ணன். நாற்பத்து மூன்றுதான்.

மறுநாள் அண்ணி அரைநாள் விடுப்புக் கேட்டாள். தரமுடியாது என்றார் சூப்பர்வைசர். அப்படியானால் நீங்களே செக்கிங் பண்ணிக்கொள்ளுங்கள் என்று கத்தரிக்கோலை அவர் கையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆலை உடுப்பைக்கூட மாற்றவில்லை, உடம்பெல்லாம் நூல் பிசிறு.

கணக்கு டீச்சரின் அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, கூரை வரை கட்டுக்கட்டாகத் தாள். டீச்சருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, மேஜையில் பாதி கடித்த ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது. சண்டை பிடிக்கத் தயாராகப் போன எனக்கு அந்த ரொட்டியைப் பார்த்ததும் கொஞ்சம் வேகம் குறைந்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுட்டாரேம்மா," என்றார் டீச்சர்.

"போட்டாரு டீச்சர். அவரு மெக்கானிக்கு. ஊசி உடைஞ்சா மாத்துவாரு. சரக்கு தேறுமா தேறாதான்னு சொல்றது என் வேலை. அந்தக் கடிதத்தைத் திருப்பிக் குடுங்க."

"உங்களுக்கு என் கஷ்டம் புரியாது. சராசரி விழுந்தா என்னை மட்டும் திட்டினா பரவால்ல. ஒரு பிரிவு போயிரும். நாப்பது புள்ளைங்களை இன்னொரு வகுப்புல திணிப்பாங்க. ஒரு வகுப்புல எண்பது பேரை வெச்சு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?"

"புரியுது டீச்சர். எங்க லைன்லயும் அப்படித்தான். கணக்குக் காட்டணும்னு டேமேஜ் பீஸை எல்லாம் மேஜைக்கு அடியில தள்ளுவாங்க. ஆனா தள்ளுறதுக்கு முன்னாடி ஒருதடவை விரிச்சுப் பாக்கணும்ல? நீங்க பாத்தீங்களா?"

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "மெஷின் போட்ட மார்க்கும்மா அது."

"மெஷினுக்கு என்ன தெரியும்? இந்தாங்க."

அண்ணி தாளை விரித்தாள். விரலை வைத்தாள். ஒன்பதாம் வரியில் ஒரு வரி இறக்கினாள், இருபத்தொன்றில் இன்னொன்று, முப்பத்தைந்தில் மூன்றாவது. காலர் கதையைச் சொன்னாள். டீச்சர் முதலில் நம்பாமல்தான் கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பதிமூணு வருஷமா இந்தத் தேர்வுக்குப் பசங்களைத் தயார் பண்றேன்," என்றார். "தெரியலன்னா விட்டுட்டுப் போங்கன்னு சொல்லுவேன். விட்டுட்டுப் போறதுன்னா என்னன்னு ஒருநாளும் சொன்னதில்ல. இதெல்லாம் சொல்லணுமான்னு நினைச்சேன்."

"அப்ப கடிதம்?"

"ஒரு பேப்பரை வெச்சு என்னால மேல பேச முடியாதும்மா. எழுதாதவங்க பட்டியல் சனிக்கிழமை மேல போகுது. வெள்ளிக்கிழமை அவ இங்க, என் முன்னாடி இன்னொரு பேப்பர் எழுதட்டும். முப்பதைத் தாண்டினா கடிதத்தை உங்க கையிலயே குடுத்துர்றேன்."

"தாண்டலன்னா?"

"தாண்டலன்னா என்னை மன்னிச்சிருங்க."

"அதெல்லாம் தாண்டும்," என்றாள் அண்ணி. நான்தான் வாசலுக்கு வந்ததும், இப்படி அடித்துச் சொல்லிவிட்டாயே அண்ணி, பிள்ளை தடுமாறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "தடுமாறத்தான் செய்வா. அதுக்குத்தானே இன்னும் ரெண்டு நாள் இருக்கு," என்றாள்.

அன்றைக்கே காலர்க் கட்டுகளை எல்லாம் ஆலையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இனிமேல் இந்த வீட்டில் காலர் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டாள். அண்ணன் ஒரு ஸ்கேலைத் தேய்த்து, தாளின் அகலத்துக்குச் சரியாக வெட்டிக் கொடுத்தான். பதில் போடுகிற வரிக்குக் கீழே ஸ்கேலை வைக்க வேண்டும், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி இறக்க வேண்டும். தெரியாத கேள்வி என்றாலும் ஸ்கேல் இறங்கியே ஆகவேண்டும். இதுதான் பாடம். இரண்டு நாளும் பாப்பா கணக்கே போடவில்லை, ஸ்கேலை மட்டும் இறக்கினாள்.

"ஓட்டை விடுடி," என்பாள் அண்ணி.

"கை வரமாட்டேங்குதும்மா. ஏதோ விட்டுப்போன மாதிரியே இருக்கு."

"இருக்கட்டும். ஓட்டையா இருந்தாலும் அது அந்த நம்பரோட ஓட்டை. அடுத்தவன் இடத்துல நீ உட்காராதே."

வெள்ளிக்கிழமை டீச்சரின் அறையில் முப்பத்தொன்பது எடுத்தாள். டீச்சர் கடிதத்தைக் கொடுத்தார். அண்ணி அதைப் படிக்கவே இல்லை, நாலாகக் கிழித்து அங்கேயே குப்பைக்கூடையில் போட்டாள். அதோடு டீச்சர் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மற்ற பதினொரு பேரின் தாளையும் எடுத்துவைத்து, அண்ணி செய்த மாதிரியே வரி வரியாக விரலை இறக்கிப் பார்த்திருக்கிறார். இரண்டு தாளில் இதே கதை. இரண்டும் ஐந்தாம் லைன்காரர்கள் வீட்டுப் பெண்கள், அவர்கள் வீட்டிலும் காலர் ஒட்டுகிற வேலை. அவர்களுக்கும் கடிதம் திரும்பி வந்தது. மீதி ஒன்பது பேருக்குக் காய்ச்சல் காய்ச்சலாகவே இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை, ஆனால் நான் என்ன செய்ய முடியும்?

தேர்வு நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை கணக்கு. அண்ணி அன்றைக்கும் விடுப்புக் கேட்டாள். இந்தத் தடவை சூப்பர்வைசர் கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு, போய்வா என்றார். ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்தோம், பாப்பா பாதிதான் தின்றாள். பள்ளி வாசலில் ஒரு காவலர் பையை எல்லாம் வாங்கிக்கொண்டிருந்தார். பாப்பாவின் முறை வந்தது.

"இது என்ன?"

"ஸ்கேல் சார்."

"பென்சிலும் ரப்பரும் மட்டும்தான். வெச்சிட்டுப் போ."

"சார், அது வரிக்குக் கீழ வெக்கிறதுக்கு," என்று நான் பாய்ந்தேன்.

"எதுக்கு வேணும்னாலும் இருக்கட்டும். ரூல்னா ரூல்."

பாப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் கையை மட்டும் ஆட்டினாள், போ என்று. ஸ்கேலைக் காவலரின் மேஜையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆட்களைக் காத்திருக்கவைத்து வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்காது. ஆறு வாரம் கழித்து மார்க் வந்தது. நாற்பத்து நான்கு. ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ஆனால் அந்த மார்க் வந்த நாள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. நினைவிருப்பது அந்த வாசல்தான்.

பதினோரு மணிக்கு அண்ணன் வந்தான். மெஷின் எண்ணெய்க் கையோடு, ஷிப்டு நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்திருந்தான். அண்ணி ஸ்கேல் விஷயத்தைச் சொன்னதும் அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஆமை வரவில்லை. எல்லாரும் வந்துவிட்ட பிறகு, கட்டடத்துக் கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் வந்தாள். பின்னாலேயே கணக்கு டீச்சரும் வேகமாக வந்தார்.

பாப்பாவின் விரலெல்லாம் கரி. ரப்பர் தேய்ந்து மொச்சைக்கொட்டை அளவுக்கு இருந்தது.

"என்னடி ஆச்சு?" என்றாள் அண்ணி.

"மறுபடி பண்ணிட்டேன்மா."

அண்ணன் எழுந்து நின்றான்.

"முப்பத்து நாலாவது கேள்வி தெரியல," என்றாள் பாப்பா. அவள் எப்போதும் பேசுகிற மாதிரியே, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள். "ஸ்கேல் இல்லாம கையாலதான் வரியைப் புடிச்சிட்டிருந்தேன். எப்ப வழுக்கிச்சுன்னு தெரியல. முப்பத்தஞ்சோட பதிலை முப்பத்து நாலுல போட்டிருக்கேன். அறுபதாவது கேள்வியைப் போடும்போதுதான் பாத்தேன், அது அம்பத்தொம்பதாவது வரியில இருந்துச்சு. கீழ ஒரு வரி காலியாக் கிடக்கு."

"அப்புறம்?"

"சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தேன். பன்னெண்டு நிமிஷம் இருந்துச்சு. முப்பத்து நாலுலேர்ந்து அழிச்சா, அழிச்சதையெல்லாம் எங்க வெக்கிறது? எல்லா வரியும் நிறைஞ்சிருக்கே. அதான் கடைசியிலேர்ந்து ஆரம்பிச்சேன். அம்பத்தொம்பதுல இருக்கிறதைக் காலி வரியில போட்டேன். அம்பத்தொம்பதை அழிச்சேன். அம்பத்தெட்டுல இருக்கிறதை அதுல போட்டேன். அப்படியே மேல போனேன்."

"லைனைப் பின்னாடி ஓட்டியிருக்கா," என்றான் அண்ணன் மெதுவாக. "யாரும்மா உனக்குச் சொன்னது?"

"யாருப்பா சொல்லுவாங்க? உள்ள யாரும் பேசக் கூடாதே."

"அழுதியா?" என்று கேட்டான் அண்ணன்.

"அழல. தாள் நனைஞ்சா மெஷின் படிக்காதாம்."

டீச்சர் அவள் முன்னால் குனிந்தார். "முழுசா முடிச்சியா?"

"இல்ல டீச்சர். நாப்பத்திரண்டு வரைக்கும்தான் வந்தேன். மணி அடிச்சிட்டாங்க, தாளைப் புடுங்கிட்டாங்க. முப்பத்து நாலுலேர்ந்து நாப்பத்தொண்ணு வரைக்கும் எட்டும் போச்சு." அண்ணியைப் பார்த்துத் தொடர்ந்தாள். "மத்ததுல எது தப்புன்னு தெரியாது. ஆனா அந்த எட்டும் தப்புன்னு எனக்குத் தெரியும்மா. அது எனக்குத் தெரிஞ்சேதான் விட்டது."

டீச்சர் அங்கேயே நின்று, எங்கள் எல்லாருக்கும் முன்னால், "உன்னை நான் வர வேணாம்னு சொன்னேனே," என்றார். பாப்பா, பரவாயில்லை டீச்சர் என்றாள்.

நான் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன், இந்தத் தடவை பழிபோட வெங்காயமும் இல்லை. சந்தோஷத்தில்தான் அழுதேன், கொஞ்சம் பொறாமையிலும்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அண்ணி அழவில்லை. பாப்பாவின் இரண்டு கையையும் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரி படிந்த விரல் ஒவ்வொன்றையும் பார்த்தாள். பரவால்ல என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நல்லாயிருக்கு," என்றாள் அண்ணி. "ரொம்ப நல்லாயிருக்கு. வா, கை கழுவிட்டுச் சாப்பிடு. நாளைக்கு அறிவியல் இருக்கு."